என் கிட்டாருக்கு நான் கீறிய பட்டை

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டேன். சாண்ட் பேப்பரை எடுத்துவிடுவேன். மட்டக்களப்புக்குத் தெற்கே செட்டிபாளையத்தில், வாவிக் கரையில் அண்ணன் நடத்தும் ஃபைபர் படகுப் பட்டறையில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். அங்கே தேய்ப்பதற்கு எப்போதும் ஏதாவது ஒரு படகு கவிழ்ந்து கிடக்கும். எங்கள் பட்டறையிலிருந்து போகும் படகுகள் கண்ணாடி போல இருப்பதற்குத் தன் கைத்திறன் காரணமல்ல, என் கோபம்தான் காரணம் என்று அண்ணன் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் மறுப்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று படகுகள் கிடந்தன. நான் அவற்றின் பக்கமே போகவில்லை. என்னுடைய எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்து பலகையில் மல்லாத்திப் போட்டு, அதைத் தேய்க்கத் தொடங்கினேன்.

அதற்கு முந்திய நாள் நடந்ததுதான் காரணம். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில், சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் இசைக்குழு வாசிக்கிறது. அவர்களுடைய கிட்டார்காரர் வெளிநாடு போய்விட்டார், ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு, மட்டக்களப்பு டவுனில் இருக்கும் மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன். அவர்தான் குழுவை நடத்துகிறவர், கீபோர்ட் வாசிப்பவர். எங்கள் பக்கத்தில் இசைக்குழு நடத்துகிற எல்லோருமே மாஸ்டர்தான், ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்காவிட்டாலும்.

நான்கு பாட்டு வாசித்துக் காட்டினேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்ததும் அவருடைய பார்வை கிட்டாரில் விழுந்தது. பிறகு சோபா செற்றியில் விழுந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிப் பழுப்பு நிறச் செதில்கள் கொட்டிக் கிடந்தன. என் கிட்டார் தோல் உரித்திருந்தது.

அது ஏற்கெனவே இரண்டு கை மாறி என்னிடம் வந்த கிட்டார். முன்பு வைத்திருந்தவர் சிகரட்டை அதன் நெற்றியில் அணைத்திருக்கிறார். வாவிக் காற்றும் கடல் காற்றும் ஒன்றாக வீசுகிற ஊரில் மிச்ச வர்ணத் தோலும் வெடித்து, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. நான் அதைக் காதால் மட்டுமே பார்த்துப் பழகியவள். அதனால் அது அவ்வளவு அசிங்கமாகிவிட்டதென்று எனக்குத் தெரியவில்லை.

“வாசிப்புக்கு ஒண்டும் சொல்லேலாது தங்கச்சி,” என்றார் மாஸ்டர். “ஆனா இதோட ஹோட்டல் மேடையில ஏறேலா. ஆக்கள் சாப்பிட்டுக்கொண்டு எங்களப் பாக்கிற இடம் அது. சோத்துக்குள்ள இந்தச் செதில் பறந்தா என்ன செய்யிற?”

“வேற கிட்டார் ஒண்டு வாங்கப் பாக்கிறன் மாஸ்டர்.”

“எனக்கிட்டயே ஒண்டு இரிக்கி, தாறன். ஆனா வாழைச்சேனையில ஒரு தம்பி இரிக்கான். புதுக் கிட்டார், ஆளும் நல்ல வடிவா நிப்பான். நாளைக்கே வாறன் எண்டுறான்.”

இரவல் கிட்டாரை வாங்கிக்கொண்டு மேடையேறுவதை நினைத்தபோது எனக்கு மேலெல்லாம் எரிந்தது. இருபது வருடமாக நான் கிட்டார் வாசிக்கிறேன். சேர்ச்சில் பாட்டுக்குழுவுக்குப் பின்னால், தூண் மறைக்கிற இடத்தில் நின்று வாசித்தேன். பிறகு கலியாண வீடுகளில் வாசித்தேன், அதுவும் எந்தக் குழுவிலாவது யாருக்காவது காய்ச்சல் வந்தால் மட்டும். காலையில் தொலைபேசி அடித்தால் மாலையில் வாசிப்பு. மறுநாள் காய்ச்சல்காரர் எழும்பிவிடுவார், என்னை மறந்துவிடுவார்கள். இந்த இடமாவது எனக்கு நிலையாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

“ரெண்டு கிழம தாங்க மாஸ்டர். இதே கிட்டாரோட வாறன். பாத்துப்போட்டுச் சொல்லுங்க.”

அவர் கலண்டரைப் பார்த்தார். “வாற சனி நாங்க சமாளிப்பம். அதுக்கு அடுத்த சனி, பன்னெண்டரைக்கு ஹோட்டல்ல நில்லுங்க. அண்டைக்கு வாசிக்கிறதப் பாத்து முடிவெடுப்பம். சரிவராட்டி அந்தத் தம்பிதான்.”

ஆகவே செவ்வாய்க்கிழமை நான் தேய்த்தது என் கிட்டாரை மட்டுமல்ல. வாழைச்சேனைத் தம்பியையும், அவன் வடிவாக நிற்பதையும் சேர்த்துத் தேய்த்தேன். மத்தியானத்துக்குள் மரம் வெளியே வந்துவிட்டது.

தேய்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கழற்றியிருந்தேன். கம்பிகள், கழுத்து, கம்பிகளின் அடிமுனை பூட்டியிருக்கும் பிரிட்ஜ் என்கிற இரும்புத் தகடு, வயர்களெல்லாம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடி. மூடியை இழுத்தபோது வயர்க் கூட்டமும் சேர்ந்தே வந்தது. அதை அப்படியே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தேன். வெறும் உடம்பு மட்டும் பலகையில் கிடந்தது. அதில் எண்ணிலடங்காத ஓட்டைகள். முன்பு வைத்திருந்தவர் கண்ட இடத்திலெல்லாம் திருகாணி பூட்டிக் கழற்றியிருக்கிறார். எனக்கு வேண்டிய ஆணி ஓட்டைகளில் தீக்குச்சியைச் செருகி அடையாளம் வைத்தேன். மற்றதையெல்லாம் அடைத்தேன்.

படகு வேலை செய்கிறவர்களுக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. ரெசினில் தூளைக் கலந்து சாம்பல் நிறத்தில் புட்டி குழைப்போம். இரண்டு சொட்டு ஹார்டனர் விட்டால் சற்று நேரத்தில் கல்லாகிவிடும். உச்சியில் குண்டூசித் துவாரம் இருந்தாலும் அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கடலுக்குப் போகிறவனின் உயிர் அதில் இருக்கிறது என்று அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் கிட்டாரையும் கடலுக்கு அனுப்புவது போலவே அடைத்தேன். விரலால் தடவிப் பார்த்தபோது ஓர் இடமும் தட்டவில்லை. பெருமையாக இருந்தது.

அடுத்த கேள்வி, என்ன நிறம் என்பது. அண்ணன் வெள்ளை அடி, லேசான வேலை என்றார். எனக்கு வெள்ளை போதாது. மாஸ்டர் தூரத்திலிருந்து பார்த்தாலும் வாயடைத்துப் போகவேண்டும். பட்டறையில் எனக்கு ஒரு வேலையில் பெயர் உண்டு. படகுகளுக்குப் பட்டை கீறுவது, அதாவது பக்கவாட்டில் வர்ணக் கோடு இழுப்பது. என் கிட்டாருக்கும் பட்டை கீறுவது என்று தீர்மானித்தேன். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

எங்கள் கரையில் படகின் பட்டை அலங்காரத்துக்காக மட்டும் கீறுவதில்லை. விடியற்காலையில் கடலிலிருந்து வரும் படகு யாருடையது என்பதைக் கரையில் நிற்கிற வீட்டுக்காரர்கள் பட்டையை வைத்துத்தான் சொல்வார்கள். வெள்ளையில் இரண்டு விரல் நீலம், அதன்கீழ் ஒரு சாண் சிவப்பு என்றால் ஒரு குடும்பம். சிவப்பு மேலேயும் நீலம் கீழேயும் வந்தால் வேறு குடும்பம். ஒருவருடைய பட்டையை இன்னொருவருக்குக் கீறக்கூடாது. எழுதிய சட்டமில்லை, ஆனால் கீறினால் சண்டை வரும். புதிதாக வந்த காலத்தில் நான் ஒருமுறை அப்படிக் கீறியதால், ஒருவருடைய மனைவி இன்னொருவருடைய படகைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய கணவரின் படகு நான்கு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தது. அவள் பட்டறைக்கு வந்து என்னைப் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சி.ஆர். கொப்பி என்கிற கனத்த நோட்டு ஒன்று வாங்கி, கரையிலுள்ள எல்லாப் பட்டைகளையும் கலர் பென்சிலால் கீறி வைத்திருக்கிறேன்.

இப்போது என் கிட்டாருக்கு ஒரு பட்டை வேண்டும். கடதாசியில் கீறுவேன், அழகாக இருக்கும். கொப்பியைப் புரட்டுவேன், அது ஒருவருடையதாக இருக்கும். நீலமும் மஞ்சளும் கீறினேன், அது களுதாவளையிலிருந்து வந்து இங்கே படகு வைத்திருப்பவருடையது. பச்சையும் வெள்ளையும் கீறினேன், அது இறந்துபோன ஒருவருடையது. அவருடைய மகன் இன்னும் மாற்றவில்லை. ஊரில் எல்லோருக்கும் பட்டை கீறிக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒன்று கிடைக்கவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “கிட்டாரத் தூரத்தில கண்டு மீனுக்கு வந்து நிக்கப்போறாங்களாகா?” என்று, பெண்களிடம் பேசும்போது எங்கள் பக்கத்தில் ஒட்டிவிடுகிற ‘கா’வோடு கேட்டார். பகிடிதான். ஆனாலும் களவெடுத்த பட்டையோடு மேடையேற எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மாலை, அலுத்துப்போய், வெறும் மர உடம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை பழக்கத்தில் கம்பியில்லாத கிட்டாரை வாசித்தது. விரலிடுக்கில் பென்சில் இருந்ததை மறந்துவிட்டேன். குனிந்து பார்த்தால், மரத்தில் சரிவாகச் சில கோடுகள். மேலே நெருக்கமாகத் தொடங்கி, கீழே போகப்போக விரிந்து, என் வலது கை கம்பியில் இறங்குகிற அதே சரிவில் கிடந்தன. படகுப் பட்டை எப்போதும் நீளவாக்கில்தான் ஓடும். இது குறுக்கே சரிந்து விரிந்தது. கொப்பியைத் திறந்து பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. இதைப் போல ஒன்று எந்தக் கரையிலும் இல்லை.

வேண்டுமென்றே பைலா என்கிற துள்ளல் பாட்டின் தாளத்தை நினைத்துக்கொண்டு, பென்சிலை அழுத்திப் பிடித்து இன்னும் ஒருமுறை வாசித்தேன். கோடுகளின் இடைவெளி தானாகவே ஒழுங்காக விழுந்தது. எழுந்து நின்று சிரித்தேன். அண்ணன் கிரைண்டரை நிறுத்திவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். பட்டை கிடைத்துவிட்டது என்றேன்.

நிறம் அடிப்பது காலை நேரத்து வேலை. அது கச்சான் வீசுகிற காலம். ஒன்பது மணிக்குப் பிறகு மேற்கிலிருந்து வாவியைத் தாண்டி வருகிற அந்தச் சூட்டுக் காற்றில், ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்புகிற வர்ணம் மரத்தைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடும். போய் ஒட்டுவது வர்ணமல்ல, மணல். அதனால் ஆறு மணிக்கே கம்ப்ரசரைப் போட்டேன். முந்திய நாளே தரைக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளை ஒரு கை, சனிக்கிழமை இன்னொரு கை. ஞாயிறு காய விட்டேன். அந்தச் சனிக்கிழமை மதியம், பாசிக்குடாவில் கிட்டார் இல்லாமல் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்களோ என்று நினைத்துப் பார்த்தேன். மோசமாகச் சமாளித்தால் நல்லது என்றும் நினைத்தேன். பொய் சொல்லி என்ன, நினைத்தேன்தான்.

திங்கட்கிழமை டேப் ஒட்டினேன். படகில் நேர்கோடு எடுக்க நாங்கள் தங்கூசி என்கிற நைலோன் நூலை இழுத்துக் கட்டுவோம். இங்கே அது முடியாது, ஏனென்றால் பட்டைகள் உடம்பின் வளைவில் ஏறி இறங்கின. டேப்பைச் சூட்டில் கொஞ்சம் பிடித்து, விரலால் நீவி நீவி வளைவுக்குப் படுக்க வைத்தேன். ஓரத்தில் ஒரு மயிரிழை கிளம்பியிருந்தாலும் வர்ணம் உள்ளே பூந்துவிடும். அகலமான பட்டைகளுக்குக் கருநீலம். ஒவ்வொரு நீலத்துக்கும் பக்கத்தில், ஓலைக்கீற்று அளவுக்கு மெல்லியதாக ஒரு செம்மஞ்சள். அந்தச் செம்மஞ்சள் வலை மிதவைகளுக்கு அடித்து மிஞ்சிய வர்ணம். அண்ணன், “இது உயிர்காப்புச் சட்டையின்ட கலர்கா,” என்றார். எனக்கு அப்போது வாய் நிறைய டேப் துண்டுகள்.

செவ்வாய் காலையில் நீலம், புதன் காலையில் செம்மஞ்சள். டேப்பை எப்போது உரிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முழுதாகக் காய்ந்தால் வர்ணமும் சேர்ந்து பெயரும். அவசரப்பட்டால் இழுபடும். நகத்தால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஒட்டாமல் பதிந்தது. டேப்பைத் தன்மேலேயே மடித்து, மெதுவாக, மிக மெதுவாக இழுத்தேன். வெள்ளை வெளியே வந்தது. அதன் ஓரத்தில் நீலம் கத்தியால் வெட்டியது போல் நின்றது. ஒவ்வொரு டேப்பாக உரித்தேன். கடைசி டேப்பை உரித்தபோது அண்ணனும் வந்து பக்கத்தில் நின்றார்.

“சும்மா சொல்லக்கூடா,” என்றார் அண்ணன். “நல்லாத்தான் இரிக்கி.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசான காரியமல்ல. என் சந்தோசத்தை மறைக்க, இன்னும் பளபளப்புக் கோட் அடிக்கவேண்டும், தள்ளி நில்லுங்கள் என்று விரட்டினேன்.

வியாழக்கிழமை பின்னேரம் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். பிஸ்கட் டின்னைத் திறந்து வயர்க் கூட்டத்தை உள்ளே வைத்தபோது, ஒரு கறுப்பு வயர் மட்டும் எங்கேயும் சேராமல் தொங்கியது. முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போன மிச்சம் என்று நினைத்தேன். மற்றதில் முட்டாமல் இருக்க, அதன் நுனியில் டேப் சுற்றி உள்ளே மடித்துவிட்டேன். கம்பி பூட்டினேன், சுருதி சேர்த்தேன், ஆம்ப் ஒலிபெருக்கியில் செருகினேன்.

ஆம்ப் இரைந்தது. நான் ஒரு கம்பியைக்கூடத் தட்டவில்லை, அதற்குள் பட்டறை முழுக்க ஒரே இரைச்சல். சத்தத்தைக் குறைத்தால் இரைச்சலும் குறைந்தது, கூட்டினால் அதுவும் கூடியது. வாசித்தால் வாசிப்புக்குப் பின்னால் ஆயிரம் ஈக்கள். முதலில் அண்ணனுடைய கிரைண்டரைப் பழி சொன்னேன். அவர் நிறுத்தினார், ஈக்கள் நிற்கவில்லை. பிறகு கேபிளை மாற்றினேன். பிறகு ஊர் மின்சாரத்தைத் திட்டினேன். சாப்பிடுகிற ஆட்களுக்கு முன்னால் இந்தச் சத்தத்தோடு போய் நின்றால், மாஸ்டர் முதல் பாட்டு முடிவதற்குள் என்னை இறக்கிவிடுவார்.

கோபத்தில் கேபிளைப் பிடுங்கப் போனேன். என் விரல் பிளக்கின் இரும்பில் பட்டது. இரைச்சல் சட்டென்று அடங்கியது. விரலை எடுத்தேன், திரும்ப வந்தது. தொட்டேன், அடங்கியது. முன்பெல்லாம் கம்பியில் கை வைத்தாலே அது அடங்கிவிடும். இப்போது கம்பியைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு நுனியைப் பிளக்கிலும் மற்ற நுனியைப் பிரிட்ஜிலும் பிடித்துக்கொண்டு, கம்பியில் கை வைத்தேன். பட்டறை அமைதியாகிவிட்டது.

அந்தக் கறுப்பு வயர் மிச்சமல்ல. உள்ளேயிருந்து ஒரு சின்ன ஓட்டை வழியாக வந்து, பிரிட்ஜின் அடியில் அமர்ந்து, கம்பிகளையெல்லாம் எர்த்தோடு சேர்க்கிற வயர் அது. அந்தச் சின்ன ஓட்டையை நான் புட்டி வைத்து, தேய்த்து, வர்ணமும் அடித்து, தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டிருந்தேன்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “வயர வெளியால எடுத்து டேப்ப ஒட்டிப்போட்டுப் போ. ஆருக்குத் தெரியப்போகுது?”

“என்ட பட்டைக்கு மேலாலயா?”

“அப்ப என்ன செய்யப்போறாய்? நாளைக்கு ஒரு நாள்தான் இரிக்கி.”

ஓட்டையைத் திறப்பேன் என்றேன்.

சொல்வது லேசு. மேலே மூன்று நிறமும் பளபளப்பும். வர்ணம் தொட்டால் காய்ந்ததுதான், ஆனால் உள்ளே இன்னும் இறுகவில்லை. ட்ரில் மெஷினைப் போட்டு ஒரு நூலளவு வழுக்கினால், பிரிட்ஜ் மறைக்காத இடம்வரை கீறிக்கொண்டு போய்விடும். புட்டியோ கல். அது எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கழற்றினேன். பிரிட்ஜ் இருந்த இடத்தைச் சுற்றி இரண்டு மடிப்புத் துணி வைத்து ஒட்டினேன். அடுத்தது ஓட்டையைத் தேடவேண்டும். உள்பக்கத்துக் குழியில் டோர்ச் அடித்துப் பார்த்தேன், ஓட்டையின் வாய் அங்கே திறந்தே இருந்தது. ஒரு சைக்கிள் கம்பியை அதில் விட்டேன். சரிவாகப் போய் ஓரிடத்தில் முட்டி நின்றது. அந்தச் சரிவில் இன்னொரு சைக்கிள் கம்பியை மேற்புறத்தில் பிடித்துப் பார்த்து, வரக்கூடிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். மெல்லிய ட்ரில் பிட் ஒன்றைக் குறட்டில் பிடித்து, மெஷின் இல்லாமல், கையாலேயே திருகத் தொடங்கினேன். அண்ணன் கிட்டாரை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

முதலில் நீலத்தூள் வந்தது. என் நெஞ்சில் யாரோ சுரண்டுவது போலிருந்தது. பிறகு வெள்ளை. பிறகு சாம்பல். சாம்பல் என்றால் நான் வைத்த புட்டி, அதாவது சரியான வழி. அரை மணித்தியாலம் திருகியபின் பழுப்புத் தூள் எட்டிப் பார்த்தது. மரம். வழி தவறிவிட்டேன். நிறுத்தி, பிட்டை வெளியே எடுத்து, சரிவைக் கொஞ்சம் மாற்றி, திரும்பச் சாம்பல் வரும்வரை திருகினேன். வியர்வை வர்ணத்தில் விழாமல் அண்ணன் என் நெற்றியைத் துடைத்துவிட்டார். என் வாழ்க்கையில் அவர் எனக்குச் செய்த உபசாரம் அது ஒன்றுதான்.

நடுவில் தொலைபேசி அடித்தது. மாஸ்டர்.

“தங்கச்சி, கிட்டார் சரியா? ஏலாட்டி இப்பயே சொல்லுங்க. வாழைச்சேனைத் தம்பிக்குச் சொல்லணும்.”

“எல்லாம் சரி மாஸ்டர்,” என்றேன். கிட்டார் எனக்கு முன்னால் வயிறு திறந்து கிடந்தது. அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பத்து மணிபோல, திருகிக்கொண்டிருந்த பிட் திடீரென்று இலகுவாகி உள்ளே போனது. குழிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிட்டின் நுனி மினுங்கியது. நான் குறட்டைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஓட்டை விழுந்ததுக்கு இந்தப் பட்டறையில சந்தோசப்பட்ட முதல் ஆள் நீதான்கா,” என்றார் அண்ணன்.

துணியை உரித்துப் பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. கறுப்பு வயரை ஓட்டை வழியே இழுத்து, நுனியைச் சுரண்டிப் பரப்பி, மேலே பிரிட்ஜை வைத்து இறுக்கினேன். கம்பி பூட்டி ஆம்ப்பைப் போட்டு, கம்பியில் கை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வாவிப் பக்கம் காகம் கத்துவது கேட்டது. அந்த அமைதியை நான் ஒரு பாட்டைப் போல ரசித்துக் கேட்டேன். பிறகு வாசித்தேன், சத்தமாக, பக்கத்து வளவில் ஆட்கள் வேலிக்கு வரும்வரை.

சனிக்கிழமை அண்ணன் பட்டறையைப் பூட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஏறாவூர் கடந்து போகும்போது, முந்நூறு தடவை தேய்த்த கையையும் மடியில் கிடந்த பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கே போய்விட்டோம். கடலைப் பார்த்த திறந்த மண்டபம், மேசைகளில் ஆட்கள். குழுவில் எல்லோரும் வெள்ளைச் சேர்ட். நானும் வெள்ளைச் சல்வார்.

பையைத் திறந்தேன். ட்ரம்ஸ்காரர்தான் முதலில் பார்த்தார். “எங்க வாங்கின இது?”

“வாங்கல்ல, பெயின்ட் அடிச்ச.”

“ஆர் அடிச்ச?”

“நான்தான்.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டாரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். விரலால் ஒரு பட்டையைத் தடவினார். செதில் வருகிறதா என்று பார்த்திருக்கவேண்டும். “முதல் ரெண்டு பாட்டுக்கும் சும்மா பின்னால வாங்க தங்கச்சி,” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பாட்டுக்கும் பின்னால் போனேன். மூன்றாவது ஒரு பழைய பைலா. நடுவில் கிட்டாருக்கு ஒரு சுற்று உண்டு. என் முறை வந்ததும் ஓர் அடி முன்னால் வந்தேன். கடலில் பட்டுவந்த வெளிச்சம் பளபளப்பில் விழுந்து பட்டைகளெல்லாம் எரிந்தன. கை இறங்கியது. எந்த இரைச்சலும் இல்லாமல், ஒவ்வொரு சுரமும் நான் அனுப்பிய இடத்துக்குப் போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான தம்பதி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். சுற்று முடியப் போகிற நேரம் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கீபோர்ட்டிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார். இன்னொரு சுற்று என்று அர்த்தம். வாசித்தேன். முடியும்போது திரும்பவும் விரலை உயர்த்தினார். மூன்றாவது சுற்றில் கொழும்பிலிருந்து வந்த கூட்டம் ஒன்று கதிரைகளைத் தள்ளிவிட்டு ஆட எழுந்தது. சமையலறை வாசலில் தொப்பி போட்ட இரண்டு பேர் தாளம் போட்டார்கள். இருபது வருடம் தூணுக்குப் பின்னால் நின்றவள் நான். எனக்கு அந்த மூன்று சுற்றுக்குள் ஒரு பயமும் இருக்கவில்லை, சந்தோசம் மட்டும்தான் இருந்தது. கடைசிச் சுரத்தை வேண்டுமென்றே நீட்டிப் பிடித்தேன்.

இரண்டரைக்கு முடிந்தது. எல்லோரும் சாமான் கட்டத் தொடங்கினோம். மாஸ்டர் என்னிடம் நல்லது என்றோ கெட்டது என்றோ ஒன்றும் சொல்லவில்லை. மேடை ஓரத்தில் குந்தியிருந்து கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டிக் கடல் பக்கம் நின்றார்.

“ஓம் தம்பி... இல்ல, நீங்க மினக்கெட வேணா... வாற சனிக்கும் தேவல்ல. எங்கட கிட்டாருக்கு ஆள் இரிக்கி.” கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், “இல்ல இல்ல, ஒரு நாளைக்கு இல்ல. இனி அவதான்.”

நான் சுற்றிய கேபிளை அவிழ்த்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து சுற்றினேன்.